செட்டிநாட்டு ஊர்களில் கடைசி பஸ் போய்விட்டால்: புதிதாக வருபவர்களுக்கு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களைப் பார்க்க வருகிறவர்கள் மாளிகைகளைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று விசாரித்துக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. விளக்கு வைக்கிற நேரத்தில் பையும் கையுமாகத் தெருமுனையில் நின்று, போகவும் வழியில்லாமல் தங்கவும் இடமில்லாமல் தவிக்கிறவர்களைக் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பார்க்கும்போது இந்தப் பக்கத்துக்காரனான எனக்கு மனசு கேட்பதில்லை. ஆசையாக வந்தவர்கள் நிம்மதியாகத் திரும்ப வேண்டும். அதற்குத் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான்.

ஊரின் அமைப்பு

செட்டிநாடு என்பது ஒரே ஊரின் பெயர் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. 96 ஊர்கள் என்று பழைய கணக்கு. இன்று எழுபதுக்குச் சற்று அதிகம். அவை சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. ஊருக்கும் ஊருக்கும் நடுவே கண்மாய், பொட்டல், சீமைக் கருவேலங்காடு. ஓர் ஊரைப் பார்த்துவிட்டு நடந்தே அடுத்த ஊருக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

அதைவிட முக்கியமானது, இந்த ஊர்களில் பாதி வீடுகள் பூட்டியே கிடக்கின்றன என்பது. பர்மா, இலங்கை, மலேயா என்று வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டிய வீடுகள் இவை. பிறகு அந்த நாடுகளில் தொழில் கைவிட்டுப் போயிற்று, குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டன. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும்தான் கதவு திறக்கும்.

பகலில் இது அழகாகத் தெரியும். பொழுது சாய்ந்தால் இதே விஷயம் புதியவரைக் கலங்கடித்துவிடும். வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டுபோய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நடுவில் உள்ள தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் நெடுஞ்சுவர். கூப்பிட்டால் கேட்க ஆள் இருக்காது. பெரிய வாசல், தேக்குக் கதவு, அதில் பூட்டு. அடுத்த வாசலிலும் அப்படியே. எங்கேயாவது ஒரு வீட்டில் காவலுக்கு இருக்கும் பெரியவர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஆகவே உதவி வேண்டுமென்றால் பெரிய வீட்டுத் தெருக்களில் தேடாதீர்கள். ஆள் நடமாட்டம் டீக்கடை, பால் சொசைட்டி, கோயில் வாசல், பஸ் நிற்குமிடம் ஆகிய பக்கங்களில்தான் இருக்கும்.

பெயரில் ஏமாறாதீர்கள்

வழி தவறுவதில் ஒரு பகுதி டிக்கெட் எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1801-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஊர். வடக்கே ஜோலார்பேட்டைக்கு அருகே இன்னொரு திருப்பத்தூர் இருக்கிறது, 2019-இலிருந்து அது தனி மாவட்டம். சிவகங்கைத் திருப்பத்தூருக்கு ரயிலே கிடையாது. திருப்பத்தூருக்கு ரயில் டிக்கெட் கிடைத்துவிட்டது என்றால் நீங்கள் போகப்போவது வேறு ஊர் என்று உடனே புரிந்துகொள்ளுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா என்ற ரயில் நிலையமும் இப்படித்தான். பெயரைப் பார்த்துத் தேவகோட்டை வந்துவிட்டது என்று இறங்கினால் நகரம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தேவகோட்டை போகிறவர்கள் காரைக்குடியில் இறங்கி பஸ் பிடிப்பதே நல்லது. கொத்தமங்கலம் என்ற பெயரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. கேட்கும்போது ‘கானாடுகாத்தான் பக்கத்துக் கொத்தமங்கலம்’ என்று சேர்த்துக் கேளுங்கள். வரைபடத்தில் ‘செட்டிநாடு’ என்று தெரியும் ரயில் நிலையம் கானாடுகாத்தானை ஒட்டியது. ஆனால் திருச்சி வழியில் வரும் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. நின்று போகும் பாசஞ்சர் எது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்பதைக் காரைக்குடி நிலையத்திலோ 139 என்ற ரயில்வே எண்ணிலோ கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பஸ் ஏறும்போதே கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: பஸ் ஊருக்குள் போகுமா, விலக்கில் இறக்கிவிடுமா? இந்தப் பக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் இடத்தை ‘விலக்கு’ என்பார்கள். வெளியூர் பஸ் பலவும் மெயின் ரோட்டோடு போய்விடும். கண்டக்டர் விசிலை ஊதி, ‘இந்த ரோட்டில் நேராகப் போங்கள்’ என்று கையைக் காட்டிவிட்டுப் போவார். அவர் சொல்லும் ‘பக்கம்தான்’ ஒரு கிலோமீட்டராகவும் இருக்கும், மூன்று கிலோமீட்டராகவும் இருக்கும். விலக்கில் நிழற்குடை ஒன்று இருக்கலாம். கடை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காலையில் அந்தத் தூரத்தை நடந்துவிடலாம். சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கோ இருட்டிய பிறகோ பெட்டியோடு நடப்பது வேறு விஷயம். ஊருக்குள் போகும் டவுன் பஸ் அல்லது மினி பஸ் எது என்று கேட்டு, அரை மணி நேரம் காத்திருந்தாவது அதிலேயே ஏறுங்கள்.

இரண்டாவது, திரும்புவதற்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. இதைப் பஸ் நிலையப் பலகையைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். பலகையில் எழுதிய நேரம் ஒன்றாகவும் இன்று ஓடும் நேரம் வேறாகவும் இருக்கலாம். உங்களை இறக்கிவிடும் கண்டக்டரிடமே, ‘அண்ணே, ராத்திரி காரைக்குடிக்குக் கடைசி வண்டி எது? அதற்கு முந்தியது எது?’ என்று கேளுங்கள். முந்தியதையும் சேர்த்துக் கேட்பது முக்கியம். கடைசி பஸ்ஸை நம்பியிருப்பவருக்கு மாற்று இருக்காது. அதற்கு முந்திய பஸ்ஸுக்குத் திட்டமிடுகிறவருக்குக் கடைசி பஸ் கைவசம் இருக்கும்.

மூன்றாவது கேள்வி புதியவர்கள் யாருக்கும் தோன்றுவதில்லை: ‘இந்த ஊரில் பஸ் ஹால்ட் உண்டா?’ சில ஊர்களில் இரவில் வரும் கடைசி பஸ் அங்கேயே நின்று, மறுநாள் விடியற்காலையில் முதல் பஸ்ஸாகப் புறப்படும். ஹால்ட் உள்ள ஊரில் இரவு வரும் வண்டி உங்களைத் திரும்பக் கூட்டிப்போகாது. ஊருக்குள் பஸ் வருகிறது என்று நம்பி நின்று, அது வந்ததும் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போவதைப் பார்த்தால் எவருக்கும் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் அதே பஸ் விடியலில் உங்களுக்கு உறுதியான வழி. ஓட்டுநரும் நடத்துநரும் ஊரிலேயே படுத்திருப்பார்கள் என்பதும் ஒரு தைரியம்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று இப்போது அதற்குப் பெயர். ஊர்விட்டு ஊர் போகும் மொபசல் பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் இது பொருந்தாது. கையில் சில்லறை வைத்திருங்கள்.

கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் ஆகியவை ஓரளவு பஸ் வசதி உள்ள பேரூர்கள். அங்கே சிக்கல் குறைவு. கவனமாக இருக்க வேண்டியது கிளைச் சாலையில் உள்ள சிற்றூர்களில். ஆத்தங்குடிக்குத் தளக்கல் செய்வதைப் பார்க்கப் பிற்பகலில் போகிறவர்கள், பட்டறையில் கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நேரம் போனது தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். காலையிலேயே அங்கே போய்விட்டு, மெயின் ரோட்டை ஒட்டிய கானாடுகாத்தானைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கச் சுற்ற இதைவிடப் பத்திரமான வரிசை எனக்குத் தெரியவில்லை.

பஸ் போய்விட்டது. இப்போது?

முதல் வேலை, அங்கேயே நின்று அடுத்தடுத்து போன் போடாமல், வெளிச்சம் உள்ள இடத்துக்குப் போவது. டீக்கடை திறந்திருந்தால் அங்கே. ஒரு டீ வாங்கிக் குடியுங்கள்; கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். ‘ஐயா, வெளியூர். காரைக்குடி பஸ்ஸை விட்டுவிட்டோம். மெயின் ரோட்டுக்குப் போனால் வண்டி கிடைக்குமா?’ இந்த மூன்று வாக்கியம் போதும். நீங்கள் யார், என்ன சிக்கல், என்ன வேண்டும் எல்லாம் அதில் வந்துவிடுகிறது. நகரத்தார் வீட்டு மூத்த பெண்மணி என்றால் ‘ஆச்சி’ என்று அழைப்பது இங்கே மரியாதை. மற்றவர்களை அம்மா, அக்கா என்று கூப்பிடுங்கள்.

சொல்லி முடிப்பதற்குள் கடையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் நாலு யோசனை சொல்வார்கள். ஒருவர் தன் போனில் ஆட்டோக்காரரைக் கூப்பிடுவார். இன்னொருவர், பால் வண்டி இந்த நேரத்துக்கு வரும் என்பார். பொறுமையாகக் கேளுங்கள், ஆனால் முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

அடுத்தது மெயின் ரோடு. ஊருக்குள் பஸ் நின்றுபோனாலும் பெரிய சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். கானாடுகாத்தானில் இருப்பவர்களுக்குத் திருச்சி – காரைக்குடி சாலை அருகிலேயே இருக்கிறது. தெற்கே காரைக்குடி, வடக்கே திருமயமும் புதுக்கோட்டையும். உங்கள் பெட்டி காரைக்குடியில் இருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். எந்தப் பக்கம் முதலில் வண்டி வருகிறதோ அதில் ஏறி ஒரு பெரிய ஊரை அடைந்துவிட்டால் அங்கிருந்து வேறு வழி பிறக்கும். இருட்டில் கை காட்டினால் எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காமல் போகக்கூடும். நிழற்குடை அருகே வெளிச்சத்தில் நில்லுங்கள், போன் டார்ச்சைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர் இருசக்கர வண்டியில் ‘ஏறிக்கொள்ளுங்கள்’ என்றால், தனியாக இருக்கும்போது மறுத்துவிடுவதே சரி. இங்குள்ளவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ‘வீட்டிலிருந்து ஆள் வருகிறது’ என்று சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆட்டோ வந்தால் ஏறுமுன் வாடகை பேசிக்கொள்ளுங்கள். இரவில் திரும்பி வர ஆள் கிடைக்காது என்பதால் போகவர என்று இரண்டு பங்காகக் கேட்பார்கள். அது நியாயமான கேள்விதான். இருட்டில் இருபது ரூபாய்க்கும் முப்பது ரூபாய்க்கும் மன்றாடி வந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். காலையிலேயே காரைக்குடியில் ஓர் ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால், இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட அது உதவும். வாடகைக் கார் செயலிகளை நம்பி ஊருக்குள் நிற்க வேண்டாம்.

வீட்டுக்குப் போனில் சொல்லும்போது

‘மாட்டிக்கொண்டேன்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் அம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதும், இரவெல்லாம் தூக்கம் போய்விடும். யாரிடமோ, எதிலோ அகப்பட்டுக்கொண்டதாகத்தான் காதில் விழும். ‘பஸ் போய்விட்டது, டீக்கடையில் இருக்கிறேன், பத்திரமாக இருக்கிறேன், ஆட்டோ சொல்லியிருக்கிறது’ என்று நிலைமையை அப்படியே சொல்லுங்கள். ஊர்ப் பெயரோடு விலக்கின் பெயரையும், அருகிலுள்ள கோயில் அல்லது ஊருணியின் பெயரையும் சேர்த்து ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் பேச்சு பாதியில் அறுந்துவிடும், குறுஞ்செய்தி சிக்னல் வந்ததும் போய்ச் சேரும்.

ஆபத்து என்று தோன்றினால் 112, மருத்துவ உதவிக்கு 108, பெண்களுக்கான உதவி எண் 181. மூன்றையும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். நாள் முழுக்கப் புகைப்படம் எடுத்த போனில் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.

இரவு தங்க நேர்ந்தால்

மாளிகைகளில் சில இப்போது தங்கும் விடுதிகளாக நடக்கின்றன. வாடகை அதிகம், முன்பதிவு இல்லாமல் போனால் அறை கிடைப்பது நிச்சயமில்லை. இருந்தாலும் போய்க் கேட்பதில் தவறில்லை. அறை இல்லாவிட்டாலும் அவர்களிடம் தெரிந்த டிரைவர் இருப்பார், அவரை வரவழைத்துக் கொடுப்பார்கள். பிள்ளையார்பட்டி போன்ற கோயில் ஊர்களில் நகரத்தார் விடுதிகள் உண்டு. யாருக்கு அறை தருவார்கள் என்பது விடுதிக்கு விடுதி மாறும், அலுவலகத்தில் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். மற்றபடி காரைக்குடிக்கு வந்து சேர்ந்துவிட்டால் எல்லா விலையிலும் லாட்ஜ் இருக்கிறது.

பூட்டிய வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். திண்ணையில் வழிப்போக்கர் தங்குவது பழைய வழக்கம் என்பது உண்மை. ஆனால் பழைய கதவு, தூண், சிலை எல்லாம் விலைபோகிற காலம் இது. ஆளில்லாத வீட்டு வாசலில் இரவில் அந்நியர் படுத்திருந்தால் காவல்காரர் சந்தேகப்படாமல் என்ன செய்வார்? அவரிடமே போய் விஷயத்தைச் சொன்னால் அவரே ஒரு வழி செய்வார்.

ரயிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னை – ராமேசுவரம் ரயில்கள் சில காரைக்குடியை நடு இரவிலும் விடிவதற்கு முன்பும் கடக்கின்றன. அவற்றில் வந்து இறங்குகிறவர்கள் அந்த நேரத்தில் கிராமத்துக்குக் கிளம்பாமல், நிலையத்தின் காத்திருப்பு அறையில் விடியும்வரை இருந்துவிடுங்கள். ரயில் நிலையம் ஓரிடம், பஸ் நிலையம் ஓரிடம் என்பதால் நடுவில் ஆட்டோ தேவைப்படும். சென்னைக்குத் திரும்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் புறப்படுகிறது. கிராமத்தில் தங்கி முதல் பஸ்ஸில் வந்து அதைப் பிடித்துவிடலாம் என்பது நடக்காத காரியம். முதல் நாள் இரவே காரைக்குடிக்கு வந்துவிடுங்கள்.

சொந்த வண்டியில் வருகிறவர்கள்

போனில் வரைபடம் காட்டும் குறுக்கு வழியை நம்பிப் போனால், தார் ரோடு முடிந்து கண்மாய்க் கரையில் வண்டி நிற்கும். கரைமேல் காரைத் திருப்ப இடமிருக்காது, ரிவர்ஸிலேயே வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் பாதை சேறாகிச் சக்கரம் பதிந்துவிடும். தார் ரோட்டை விட்டு இறங்கச் சொன்னால் வரைபடத்தைக் கேட்காதீர்கள், ஆடு மேய்க்கிறவரைக் கேளுங்கள்.

பஞ்சருக்கு இங்கே பெரிய காரணம் சீமைக் கருவேல முள். சாலையோரம் வெட்டிப் போட்ட கிளைமேல் ஏற்றினால் டயர் போயிற்று. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று காரைக்குடியிலேயே பார்த்துவிடுங்கள், பெட்ரோலும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்களில் பஞ்சர் கடை இரவில் திறந்திருக்காது; கடைக்காரர் வீட்டைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள்.

நாள் பார்த்து வாருங்கள்

முகூர்த்த நாளில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, வாடகைக் காரும் கிடைக்காது. பூட்டிய வீடுகள் திறப்பதும் அந்த நாட்களில்தான் என்பதால் வேடிக்கை பார்க்க நல்ல நாள், ஊர் திரும்பச் சிரமமான நாள். தை மூன்றாம் நாள் திருப்பத்தூர் அருகே சிறாவயலில் மஞ்சுவிரட்டு. அன்று அந்தப் பக்கத்துச் சாலையெல்லாம் ஜனக்கடல், பஸ் நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. மாசி மகத்தன்று சிங்கம்புணரி அருகே அரளிப்பாறையிலும் மஞ்சுவிரட்டு உண்டு. தைப்பூசத்துக்கு முன்னால் நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து போகும் நாட்களில் குன்றக்குடிச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியும், பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடியும் இப்படியே.

இந்த நாட்களில் வரத்தான் வேண்டும் என்றால் ஒரே ஓர் ஊரை மட்டும் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மதுரை, திருச்சி இரண்டு விமான நிலையங்களுமே காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். திருவிழா நாளில் மாலை விமானத்துக்கு மதியம் கிளம்பலாம் என்று இருந்துவிடாமல், காலைச் சாப்பாட்டை முடித்ததும் பெட்டியை வண்டியில் ஏற்றிவிடுங்கள்.